அவன் தோளு, என் வயித்தெரிச்சல்

என் ஜோடிக்காரனோட எடது தோள்ல ஒரு காய்ப்பு இருந்துச்சு. ஆமவடை அளவு இருக்கும். கருப்பா, பளபளன்னு, கல்லு மாதிரி கெட்டி. அதுமேல கொசு உக்காந்தா கொசுவுக்குத்தான் மூக்கு ஒடையும். அந்தக் காய்ப்பப் பார்த்து நான் எரிஞ்ச எரிச்சல் இருக்கே, அந்தச் சூட்டுல ஒரு பானை சோறு பொங்கியிருக்கலாம். பொங்குறதுக்கு அரிசிதான் இல்ல.

ரப்பர் வெல விழுந்து நாடே படுத்துக் கெடந்த காலம் அது. அந்தக் காலத்தப் பத்தி படிச்சவங்க பெருசு பெருசா எழுதியிருப்பாங்க. நான் பள்ளிக்கூடத்துக்குள்ள போனது ஒரே ஒரு தடவ, செவுத்துக்கு வெள்ளையடிக்க. வயசான பெறகு எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டேன். அதனால எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன். எனக்குத் தெரிஞ்சது ஒரு தோளு.

பினாங்கு துறைமுகத்துல நாங்க ரெண்டு பேரும் ஜோடி. ஜோடின்னா, ஒரு மொத்தக் கம்பு, கம்புக்கு நடுவுல கயிறு, கயித்துல ரப்பர் பெட்டி தொங்கும். கம்போட முன் முனை அவன் தோள்ல, பின் முனை என் தோள்ல. கோடவுன்லேர்ந்து, அதான் சரக்குக் கெடங்குலேர்ந்து, தூக்கி, பலகை மேல நடந்து, கரையில நிக்கிற தொங்கான் படகுல எறக்கணும். தொங்கான் போயி கப்பல்ல சேர்க்கும். ஒருத்தன் வரலன்னா இன்னொருத்தனுக்கும் அன்னைக்கு வேல இல்ல. கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரிதான், என்ன, தாலி எடத்துல கம்பு.

அவன் எப்பவும் முன்னாடி. நான் எப்பவும் பின்னாடி. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. கம்புல கயிறு சரியா நடுவுல இருந்தா ரெண்டு பேருக்கும் சமமான கனம். ஒரு சாண் முன்னாடி தள்ளிட்டா முன்னாடி போறவனுக்குக் கனம் ஜாஸ்தி, பின்னாடி வர்றவன் சும்மா கம்பப் புடிச்சுக்கிட்டு கடலப் பார்த்துக்கிட்டு வரலாம். முன்னாடி போறவன் பின்னாடி நடக்குறதப் பார்க்க முடியாது. புரிஞ்சிருச்சில்ல?

ஏழு வருசம் தள்ளினேன். ஒவ்வொரு பெட்டிக்கும் தள்ளினேன். கயிறு சரக்குனு நகர்ற சத்தம் கேக்கக் கூடாதுன்னு அந்த நேரம் பார்த்து ஒரு கத சொல்லுவேன். தண்டல் பொண்டாட்டி தண்டல அடிச்ச கத, கப்பல் மாலுமி காக்காவுக்கு சல்யூட் அடிச்ச கத, எல்லாம் பொய்தான். அவன் சிரிச்சுக்கிட்டே கனத்தச் சொமப்பான். என் தோளு மட்டும் நகைக்கடை மொதலாளி தோளு மாதிரி வழவழன்னு இருக்கும். குளிக்கிறப்ப நானே தடவிப் பார்த்து மெச்சிக்குவேன்.

தண்டல்னு சொன்னேன்ல, அவருதான் எங்க ஆளுங்களுக்கெல்லாம் தலைவரு. காலைல கரையில நிப்பாரு, விரல நீட்டி "நீ, நீ, நீ"ன்னு கூப்புடுவாரு. எங்க ஜோடியத்தான் மொதல்ல கூப்புடுவாரு. ஒரு நாள் கூப்புடல. மறுநாளும் கூப்புடல. கோடவுன் உள்ள பார்த்தா பெட்டி கூரை வரைக்கும் ஏறி நிக்குது. தூக்க ஆளு இருக்கோம், தூக்கப் பெட்டி இருக்கு, ஆனா கப்பல் இல்ல.

அங்க பெட்டி எண்ணுற கிராணி ஒருத்தர் இருந்தாரு. காதுல பென்சிலு, வாயில வெத்தல, கொஞ்சம் இங்கிலீசு. அவருகிட்டப் போயிக் கேட்டேன்.

"ஏன் கிராணி ஐயா, கப்பலுக்கு நம்ம மேல என்ன கோவம்?"

"அமெரிக்காவுல காரு வாங்குறவன் வாங்க மாட்டேங்குறான்லா. காரு இல்லன்னா டயரு எதுக்கு? டயரு இல்லன்னா ரப்பரு எதுக்கு?"

"அவன் ஏன் வாங்கலையாம்?"

"அங்க பேங்கெல்லாம் படுத்துருச்சாம். இங்க தொரைமாருங்க எல்லாரும் நல்ல வெல வித்தப்ப ஒண்ணா மரத்த நட்டானுங்க. இப்ப எல்லா மரமும் ஒண்ணா பால் குடுக்குது. வாங்க ஆளில்ல. ஈயத்துக்கும் இதே கதிதான்."

"அப்ப அந்த அமெரிக்காக்காரன் இப்ப நடந்தா போறான்?"

"நடந்துதான் போவான்."

நான் பொறந்ததுலேர்ந்து நடக்குறேன், அதுனால ஒரு பொட்டிக்கடை கூட மூடுனதில்ல. அவன் கொஞ்ச நாள் நடந்தா உலகமே படுத்துருது. என்ன ஒரு பெரிய மனுசன் பாருங்க! மொகம் தெரியாத அந்த ஆளு மேலதான் எனக்கு மொதப் பொறாமை வந்துச்சு.

அடுத்தது கஞ்சி குடிக்கிறவன் மேல எல்லாம் வந்துச்சு. நாங்க பன்னெண்டு பேரு மார்க்கெட் ஸ்திரீட்டுப் பக்கம் ஒரு மசாலாக் கடைக்கு மேல மாடில கொங்சியா இருந்தோம். கொங்சின்னா ஒரே ரூம்பு, ஒரே அடுப்பு, ஒரே பானை. கீழ மல்லி மொளகா வறுத்து அரைப்பாங்க. அந்த வாசனை பலக சந்து வழியா மேல ஏறும். மேல நாங்க கஞ்சிய மோந்து பார்ப்போம், அதுல ஒரு வாசனையும் இருக்காது. சோறு கஞ்சியாச்சு, கஞ்சி தண்ணியாச்சு, தண்ணிக்குள்ள மரவள்ளிக்கெழங்கு ரெண்டு துண்டு மெதந்துச்சு. சாக்கடை ஓரத்துல மொளச்ச கங்குங் கீரையப் பறிக்கக் கூட போட்டி. நான் போறதுக்கு முன்னாடி எவனாவது பறிச்சிருப்பான். அவன் யாருன்னு தெரியாமலே அவனத் திட்டுவேன்.

அப்புறம் கடலுக்கு அந்தப் பக்கம், அக்கரைலேர்ந்து ரப்பர் தோட்டத்து ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. நிபோங் திபால் பக்கமெல்லாம் தோட்டத்துல பாதி ஆளுக்கு மேல வேல இல்லன்னு அனுப்பிட்டாங்களாம், மிச்ச ஆளுக்கு சம்பளத்த வெட்டிட்டாங்களாம். சட்டி பானை, கோழிக்கூடு, கைக்கொழந்தை எல்லாம் தூக்கிக்கிட்டு ஃபெரில எறங்குவாங்க. கடை வாசல் அஞ்சடிப் பாதையில வரிசையா படுத்திருப்பாங்க. பார்க்கப் பாவமா இருக்கும். ஆனா உண்மையச் சொல்லணும்ல, எனக்குப் பாவம் கொஞ்ச நேரம்தான் இருந்துச்சு. ஏன்னா சர்க்காரு அவங்களக் கூப்புட்டு முகாம்ல வச்சு சோறு போட்டுச்சு. குடும்பத்தோட இருந்தா மொதல்ல சோறு, மொதல்ல கப்பலு. ஓசிக் கப்பலு, நாகப்பட்டினம் வரைக்கும். அங்கேருந்து புது ஆளு இங்க வர்றத நிறுத்திட்டாங்க, இங்க இருக்குறவங்களத் திருப்பி அனுப்புறாங்க. நான் முகாம் வேலிக்கு வெளிய நின்னு, ஒரு அம்மா மூணு புள்ளைங்களோட சோத்துக்கு நிக்கிறதப் பார்த்து, 'எனக்கு மட்டும் மூணு புள்ள இருந்திருந்தா'ன்னு நெனச்சிருக்கேன். கல்யாணமே ஆகல, புள்ள மேல ஆசை வந்துருச்சு, அதுவும் மூணு தட்டு சோத்துக்காக.

எங்க கொங்சிலேர்ந்தும் ஒவ்வொருத்தனாக் கெளம்பினான். பன்னெண்டு ஒம்போதாச்சு, ஒம்போது அஞ்சாச்சு. எல்லாரும் என்னையும் கூப்புட்டாங்க.

"வாடா, ஓசிக் கப்பலு. ஊர்ல கூழாச்சும் குடிக்கலாம்."

"நீங்க போங்கடா. நான் இல்லன்னா பினாங்கு அழும்."

சிரிச்சுக்கிட்டுச் சொன்னேனே தவிர, என்னால போக முடியாது. அதுக்குக் காரணம் ஒரு போட்டோ.

நான் வந்த ரெண்டாம் வருசம் எங்க தங்கச்சிக்கு மாப்பிள்ள பார்த்தாங்க. நாகப்பட்டினத்துலேர்ந்து ஒரு நாள் நடக்குற தூரத்துல நல்ல குடும்பம். பொண்ணோட அண்ணன் பினாங்குல என்ன பண்றாருன்னு கேட்டிருக்காங்க. நான் என்ன பண்ணேன்? போட்டோ புடிக்கிற கடைக்குப் போயி, அவங்க கோட்ட மாட்டிக்கிட்டு, அவங்க கடிகாரத்தக் கட்டிக்கிட்டு, அட்டையில வரஞ்ச காருக்குப் பக்கத்துல கால் மேல கால் போட்டு உக்காந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புனேன். 'கப்பல் ஆபீசுல பெரிய உத்தியோகம்'னு கிராணிய விட்டு எழுதச் சொன்னேன். கல்யாணம் ஆயிருச்சு. அந்த வீட்டுக் கூடத்துல என் போட்டோவ மாட்டி வச்சிருக்காங்களாம். இப்ப நான் ஓசிக் கப்பல்ல, கிழிஞ்ச பனியனோட, சர்க்காரு குடுத்த தகரத் தட்டோட போயி எறங்கினா, அந்த வீட்டுல என் தங்கச்சி எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா? அவ மாமியாரு என்னெல்லாம் சொல்லுவாங்க? நான் பட்டினில செத்தாலும் பினாங்குலதான் சாகணும்.

இந்த நேரத்துலதான் தண்டல் வந்து சொன்னாரு. மலைப் பக்கம் ரோட்டு வேலைக்கு சர்க்காரு ஆளு எடுக்குதாம். கல்லு ஒடைக்கணும். நம்ம கரைக்குக் கொஞ்சம் எடம் குடுத்திருக்காங்க. ஆனா வேல இல்லாதவன் எல்லாம் 'நான் தொறமுகத்து ஆளு'ன்னு வந்து நிக்கிறானாம். அதனால மேஸ்திரி தோளப் பார்த்து எடுப்பாராம். காய்ப்பு இருந்தா பித்தள வில்லை, வேல. காய்ப்பு இல்லன்னா ஊருக்கு அனுப்புற கப்பல் லிஸ்டு.

கேட்ட ஒடனே என் கை தானாப் போயி என் வழவழ தோளத் தடவிப் பார்த்துச்சு.

மறுநாள் காலைல கோடவுன் வாசல்ல வரிசை. மேஸ்திரி ஒரு மேசை போட்டு உக்காந்திருந்தாரு. எனக்கு முன்னாடி என் ஜோடி. கம்புலயும் முன்னாடி, வரிசையிலயும் முன்னாடி. சட்டையக் கழட்டுனான். மேஸ்திரி அந்தக் காய்ப்பப் பார்த்தாரு, விரலால தட்டிப் பார்த்தாரு, பக்கத்துல இருந்தவரக் கூப்புட்டு அவரையும் தட்டிப் பார்க்கச் சொன்னாரு.

"அடேங்கப்பா! தம்பி, இதுல தேங்கா ஒடைக்கலாம் போலருக்கே."

வில்லையக் குடுத்துட்டாரு. அடுத்தது நான். சட்டையக் கழட்டுனேன். மேஸ்திரி எடது பக்கம் பார்த்தாரு, வலது பக்கம் பார்த்தாரு, முதுகப் பார்த்தாரு.

"தம்பி எந்த ஊரு ஜமீனு?"

வரிசையே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். எவனாவது சிரிச்சா நானும் சிரிச்சிருவேன், அது என் வியாதி.

"கரைலதான் ஐயா வேல. ஏழு வருசம்."

"கரையில என்ன, காத்து வாங்குனியா?"

அப்ப என் ஜோடி திரும்பி வந்தான். "ஐயா, இவன் என் ஜோடிதான். நானும் இவனும் ஒரே கம்பு."

மேஸ்திரி அவன் தோளப் பார்த்தாரு, என் தோளப் பார்த்தாரு. "ஒரே கம்புன்னா ஒருத்தனுக்கு மட்டும் எப்படிப்பா காய்க்கும்? பொய் சொல்லி உன் வில்லையும் போயிடப் போகுது. போ." என்னப் பார்த்து, "நாலு நாள்ல திரும்ப வருவேன். அதுக்குள்ள உன் தோளக் கண்டுபுடிச்சுக் கொண்டா. இல்லன்னா அடுத்த கப்பலு."

நல்ல மனுசனா இருந்தா அந்த எடத்துல வெக்கப்பட்டிருப்பான். 'அடப்பாவி, அவன் சொமந்தான், நான் ஏமாத்துனேன்'னு நெனச்சிருப்பான். எனக்கு அதெல்லாம் வரல. எனக்கு வந்தது என்ன தெரியுமா? 'அந்தக் காய்ப்ப வளத்ததே நான்தானே!' ஏழு வருசம் கயிறத் தள்ளித் தள்ளி, நான் கஷ்டப்பட்டு அவன் தோள்ல உண்டாக்குனது. மரத்த நட்டவன் நான், பழத்தத் தின்னது அவன். அந்த வில்லைய அவன் கழுத்துல கயிறு போட்டு மாட்டிக்கிட்டு மாடி ஏறுனப்ப, எனக்கு அத அறுத்துக்கிட்டு ஓடலாமான்னு இருந்துச்சு.

காய்ப்பு எப்படி வரும்? நாலு நாளு. செங்கல்ல தேச்சேன், தோளு செவந்துச்சு, காய்க்கல. அப்ப எனக்கு ஒரு பெரிய ஞானம் வந்துச்சு. எங்க ஊர்ல பாதம் வெடிச்சா சேங்கொட்டைய சுட்டு அதோட எண்ணைய வைப்பாங்க. தோலு தடிச்சுக் கெட்டியாயிரும். காலுக்கு ஆகும்னா தோளுக்கு ஏன் ஆகாது?

சேங்கொட்டை எங்க கெடைக்கும்? துணி வெளுக்குறவங்ககிட்ட. அதோட பாலுலதான் துணில குறி போடுவாங்க, எத்தன வெளுப்பு வெளுத்தாலும் போகாது. மத்தியானம் ஆத்தோரம் டோபிமாருங்க துணி அடிக்கிற எடத்துக்குப் போனேன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு இருந்தாரு, என்னை விடச் சின்னவரு. விஷயத்தச் சொல்லாம நாலு கொட்டை கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்குண்ணே? ஒங்ககிட்ட இருக்கிறதே ஒரு பனியன். குறி போடாட்டியும் அத எவனும் எடுக்க மாட்டான்."

"கால் வெடிப்புக்குப்பா."

"காலுக்குன்னா ஒரு பொட்டு வைங்க. ஒடம்புல பட்டா பொத்துரும்ணே. எனக்கு ஒரு தடவ கண்ணுல பட்டு மூணு நாளு மொகம் பூசணிக்கா ஆயிருச்சு. சொல்லிட்டேன், அப்புறம் என்னைய ஏசக் கூடாது."

"ஒரு பொட்டுதான்பா."

நாலு கொட்டையையும் வச்சேன். ஒரு கொட்டைக்கு ஒரு வருசக் காய்ப்புன்னு ஒரு கணக்கு. வச்சு வெயில்ல காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மொதல்ல அரிப்பு. 'ஆஹா, வேல செய்யுது'ன்னு சந்தோசம். அப்புறம் எரிச்சல். சாயங்காலத்துக்குள்ள தோளு பன்னு மாதிரி ஏறிருச்சு. மறுநாள் கொப்புளம், கொப்புளத்துக்கு மேல கொப்புளம், கழுத்து வரைக்கும். அரிச்ச கையால மொகத்தத் தொட்டேனா, ஒரு கண்ணு மூடிருச்சு. நாலாம் நாளு மேஸ்திரிகிட்டப் போயி நின்னேன். சட்டையக் கழட்டுனதுதான் தாமதம், மேஸ்திரி மேசையத் தாண்டி அந்தப் பக்கம் குதிச்சாரு. வரிசையில ஒருத்தன் "அம்ம போட்டிருக்குடோய்!"னு கத்துனான். ஒரு நிமிசத்துல கோடவுன் வாசல்ல நானும் மேசையும்தான்.

என்னைய ஆஸ்பத்திரில கொண்டு போயி தனிக் கொட்டகையில போட்டாங்க. அங்க ஒரு டிரசர், நம்ம ஆளு, மருந்து கட்டுறவரு. ரெண்டு நாள் தூரமா நின்னு பார்த்தாரு. மூணாம் நாள் கிட்ட வந்து மோந்து பார்த்தாரு.

"இது அம்மையும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. சேங்கொட்டை. எதுக்குய்யா வச்ச?"

சொன்னேன். அந்த மனுசன் அங்கயே சுவத்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. அடுத்த வார்டு டிரசரக் கூட்டியாந்து இன்னொரு தடவ சொல்லச் சொன்னாரு. நான் மறுபடி சொன்னேன், கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன், மேஸ்திரி கடல்லயே குதிச்சாருன்னு. அன்னைக்கு மட்டும் அஞ்சு தடவ சொன்னேன். ஆனா தோளு அழுகாம ஆறணும்னு வெளிய விடல. நான் லிஸ்டுல இருந்த கப்பலு என்னைய விட்டுட்டுப் போயிருச்சு.

ஞாயித்துக்கெழம மத்தியானம் என் ஜோடி பார்க்க வந்தான். மூஞ்சியெல்லாம் கல்லுத்தூசி. கழுத்துல வில்லை. அந்தத் தூசியப் பார்க்கக் கூட எனக்கு எரிஞ்சுச்சு. நல்ல வேலத் தூசி.

"என்னடா, மாப்பிள்ள மாதிரி படுத்திருக்க?"

"வேல எப்படி?"

"ஒடைக்கிறோம் ஒடைக்கிறோம், மலை அப்படியே இருக்கு."

"சோறு?"

"மத்தியானம் சோறும் கருவாடும்."

கருவாடுன்னதும் எனக்கு வாயில தண்ணி ஊறிருச்சு. அப்பத்தான் அவன் என் பக்கத்துல இருந்த தட்டப் பார்த்துக்கிட்டிருக்கிறதக் கவனிச்சேன். ஆஸ்பத்திரில ரொட்டியும் பாலும் குடுப்பாங்க. அவன் கண்ணு ரொட்டி மேல. 'பரவால்ல, இவனுக்கும் பொறாமை வருது'ன்னு மனசுக்குள்ள ஒரு குளுகுளுப்பு. பாதி ரொட்டியப் பிச்சுக் குடுத்தேன். பாதின்னா, கொஞ்சம் சின்னப் பாதி.

"எதுக்குடா கொட்டைய வச்ச?"

"உன்ன மாதிரி காய்ப்பு வரணும்னுதான்."

அவன் ரொட்டிய மென்னுக்கிட்டே சொன்னான். "கயித்த நடுவுல விட்டிருந்தா தானா வந்திருக்குமே."

எனக்கு மூடியிருந்த கண்ணும் தொறந்துருச்சு.

"உனக்குத் தெரியுமா?"

"ஏழு வருசம் தூக்குறேன். கனம் எங்க இருக்குன்னு தெரியாதா?"

"ஏண்டா ஒரு வார்த்த கேக்கல?"

"கேக்கலாம்னு ஒண்ணு ரெண்டு தடவ திரும்புனேன். நீ கத சொல்லிக்கிட்டிருந்த. முடியட்டும்னு இருந்தேன். அது முடியுறதுக்குள்ள படகு வந்துரும்." தட்டப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் இருக்கா?"

மிச்ச ரொட்டியையும் குடுத்துட்டேன். அவன் போன பெறகு படுத்துக்கிட்டு யோசிச்சேன். அவன் என்னைய அடிச்சிருக்கலாம், திட்டியிருக்கலாம், மேஸ்திரிகிட்டச் சொல்லிக் குடுத்திருக்கலாம். ஒண்ணும் பண்ணல. கெட்டவன் மேல பொறாமைப்படுறது லேசு. பக்கத்துல இருக்கிற நல்லவன் மேல பொறாமைப்படுறது இருக்கே, சேங்கொட்டையே தேவலாம்.

தோளு ஆறுச்சு. ஆறி, எலி தின்ன தோசை மாதிரி ஆச்சு. வெளிய போனா மறுபடி கப்பல் லிஸ்டுதான். அந்த டிரசர் என்னைய விட மனசில்லாம, "ஸ்ட்ரெச்சர் தூக்க ஒரு ஆளு வேணும், இருக்கியா? சோறு போடுவாங்க, கொஞ்சம் சம்பளமும் உண்டு"ன்னு கேட்டாரு. கேக்கணுமா? முகாம்ல நடக்க முடியாத ஆளுங்கள, கெழடு கட்டைங்கள, புள்ளத்தாச்சிங்களக் கப்பல் வரைக்கும் தூக்கிட்டுப் போயி விடணும். ரெண்டு பேரு தூக்குறது. ஸ்ட்ரெச்சர்ல தள்ளுறதுக்குக் கயிறு கெடையாது, ஆள மட்டும் கொஞ்சம் முன்னாடி ஏத்திப் படுக்க வைக்கலாமான்னு மொத நாளு பார்த்தேன். அதுல படுத்திருந்த கெழவரு "என்னடா பண்ற?"ன்னு மொறச்சாரு. விட்டுட்டேன்.

நாலஞ்சு மாசத்துல ரோட்டு வேலையும் நின்னுபோச்சு. சர்க்காருக்கும் கை காஞ்சிருச்சு போல. வில்லையத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. என் ஜோடி கப்பலுக்குப் பேரு குடுத்துட்டான்.

அவன் போன அன்னைக்கு நான் ஒரு அம்மாவத் தூக்கிட்டுக் கப்பல் மேல ஏறியிருந்தேன். டெக்குல அவன் ஒரு ஓரமா எடம் புடிச்சு உக்காந்திருக்கான். மடியில போர்வை. கையில தகரத் தட்டு. மூஞ்சில ஒரு வெக்கமும் இல்ல. வேல இருந்துச்சு செஞ்சேன், இல்ல போறேன்னு அப்படி ஒரு மூஞ்சி. அவங்க ஆத்தாவுக்கு அவன் கூலிக்காரன்னு தெரியும், கூலிக்காரனாவே வருவான்னும் தெரியும். எனக்கு அந்தப் போர்வை மேல பொறாமை வந்துச்சு. கிட்டப் போனேன்.

"டேய், ஒரு ஒதவி."

"சொல்லு."

"என் தங்கச்சி வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வா. நான் நல்லாருக்கேன்னு சொல்லு. கப்பல் ஆபீசு மூடிட்டாங்க, இப்ப ஆஸ்பத்திரில பெரிய வேலன்னு சொல்லு."

"எனக்குப் பொய் வராதேடா."

"ஏழு வருசம் என் கதையக் கேட்டிருக்க, ஒண்ணு கூடவா வராது?"

"சிரிக்கத்தான் வரும். சொல்ல வராது." தட்டத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சரி, போறேன். என்ன வருதோ அதச் சொல்றேன்."

கப்பல் ஊதிருச்சு. என்னைய எறங்கச் சொல்லி மாலுமி கத்துறான். ஏறுன அத்தன ஜனத்துல எறங்கி வந்தது நாங்க ஸ்ட்ரெச்சர்காரங்க ரெண்டு பேருதான். கரையில நின்னு கை ஆட்டுனேன். அவன் இந்தப் பக்கம் பார்க்கல. பக்கத்துல ஒருத்தன் ஏதோ சொல்லிக்கிட்டிருந்தான், அதுக்குச் சிரிச்சுக்கிட்டிருந்தான். என் கதைக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு! அந்தக் கதைக்காரன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அவன் மேல கோவம் இருக்கு.

மூணு மாசம் எனக்குச் சோறு எறங்கல. அவன் என்னத்தச் சொல்லித் தொலச்சானோ, என் தங்கச்சிய என்ன சொன்னாங்களோன்னு. அப்புறம் தங்கச்சிகிட்டேருந்து ஒரு கடுதாசி. கிராணிகிட்டக் கொண்டு போயி படிக்கச் சொன்னேன். அவருக்கும் வேல போயி, கோயில் பக்கத்துல பெட்டிசன் எழுதிக்கிட்டு உக்காந்திருந்தாரு.

அந்தப் பாவி உண்மையத்தான் சொல்லியிருக்கான். அண்ணன் கம்பு தூக்குனாரு, இப்ப நோயாளி தூக்குறாருன்னு. தங்கச்சி அழுதிருக்கா. அப்ப அவ மாமனாரு சொன்னாராம், 'இது எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்மா'ன்னு. அவரும் ரங்கூன் துறைமுகத்துல பத்து வருசம் மூட்டை தூக்கின ஆளாம். கப்பல் ஆபீசு உத்தியோகஸ்தன் எவனும் அட்டக் காரு பக்கத்துல உக்கார மாட்டான், அவனுக்கு நெசக் காரு இருக்கும்னு அன்னைக்கே சிரிச்சாராம். 'தங்கச்சிக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கான், நல்ல பயதான்'னு பொண்ணக் கட்டிக்கிட்டாங்களாம்.

நான் சேங்கொட்டை வச்சது, பொத்தது, கப்பல விட்டது, எதுக்கும் அவசியமே இல்ல.

சரி, அதோட விட்டுச்சா கடுதாசி? அதுக்கப்புறம் ரெண்டு பக்கம் என் ஜோடியப் பத்தி. மாமனாரும் அவனும் ஒரு நாள் பூராவும் கரை வேலையப் பத்தியே பேசுனாங்களாம். அவன் கெணத்து ராட்டினத்த சரி பண்ணிக் குடுத்தானாம். மாமியாரு மீன் கொழம்பு வச்சுப் போட்டாங்களாம். 'என்ன ஒரு தங்கமான புள்ள'ன்னு ஊரு பூரா சொல்றாங்களாம். கடைசில ஒரு வரி, 'மாமா உங்களையும் வரச் சொன்னாங்க.'

"பதில் என்ன எழுத?"ன்னு கிராணி பேனாவ எடுத்தாரு.

"எத்தன மீனு தின்னான்னு கேளுங்க."

கிராணி பேனாவக் கீழ வச்சுட்டாரு. "அந்த மனுசன் உன்ன வரச் சொல்லியிருக்காரு. வர்றியா இல்லியான்னு சொல்லுலா."

"வர்றேன்னு எழுதுங்க. சொந்தக் காசுல வர்றேன்னு எழுதுங்க."

அந்தச் சொந்தக் காசு சேர்றதுக்கு நாலு வருசம் ஆச்சு. ரப்பரு கொஞ்சம் எழுந்துச்சு, கப்பல் வந்துச்சு, நான் கரைக்குத் திரும்பல, ஆஸ்பத்திரிலயே இருந்துட்டேன். சட்டை தச்சு, செருப்பு வாங்கி, தங்கச்சி புள்ளைக்கு பினாங்கு பிஸ்கோத்து ஒரு டின்னு எடுத்துக்கிட்டுப் போயி எறங்குனேன். வாசல்ல தங்கச்சி ஓடி வந்தா. பின்னாடியே அவ மகன், மூணு வயசு இருக்கும், முந்தானையப் புடிச்சுக்கிட்டு என்னைய ஏற எறங்கப் பார்த்தான்.

"யாரு வந்திருக்கா பாரு, மாமாடா! பினாங்கு மாமா!"

அவன் என்னைய நல்லாப் பார்த்துட்டு, "இது மாமா இல்ல"ன்னான்.

"மாமாதான்டா."

"மாமா இல்ல. மாமா பொங்கலுக்கு வந்துச்சு. என்னத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போச்சு."

நாலு வருசமா ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்துட்டுப் போறானாம் என் ஜோடி, அந்தப் பாவி. பிஸ்கோத்து டின்ன நான் கீழ வைக்கவே இல்ல. கக்கத்துல இடுக்கிக்கிட்டே நின்னேன், மாமான்னு சொன்னாத்தான் குடுக்குறதுன்னு.